உடலுக்குள் போகும் மெல்லிய அளவுக்கருவி: பினாங்கில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் ஜெர்மனியின் மருத்துவக் கருவி நிறுவனமான பி. பிரவுனும் பினாங்குக்கு வந்தது. இன்று தீவிலும் பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் உள்ள பத்து காவான் என்ற ஊரிலும் மருத்துவக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைகள் நிறைய. நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் அங்கே வேலை பார்த்திருப்பார், இப்போதும் பார்த்துக்கொண்டிருப்பார். கதீட்டரை (உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) ஒட்டுவது, பரிசோதிப்பது, பொதி கட்டுவது எல்லாம் நம்மவர்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் வரைபடம் வேறு எங்கிருந்தோ வருகிறது. அந்த வரைபடத்தை நாமே போட வேண்டும் என்று நினைக்கும் இளம் பொறியாளர்களுக்கும், மின்னணுத் துறையிலிருந்து இந்தப் பக்கம் வர விரும்புபவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ரத்த அழுத்தம் அளக்கும் கதீட்டரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வெப்பம், ஆக்சிஜன், குளுக்கோஸ் என்று எதை அளந்தாலும் நடக்க வேண்டிய வழி ஏறக்குறைய இதேதான்.

முதலில் மருத்துவரின் முடிவு, அப்புறம் சென்சார்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சென்சாரிலிருந்து தொடங்குகிறார்கள். நல்ல சிப் ஒன்று கிடைத்துவிட்டது, இதை எங்கே பயன்படுத்தலாம் என்று யோசிக்கிறார்கள். அப்படித் தொடங்கினால் வழி தவறிவிடும். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய கேள்வி வேறு: இந்த எண்ணைப் பார்த்து மருத்துவர் எதை மாற்றுவார்?

இதயத் தமனியில் அடைப்பு இருக்கும்போது எடுக்கும் எஃப்எஃப்ஆர் அளவைப் பாருங்கள். அடைப்பு ரத்த ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் விகிதம் அது. 0.36 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியின் நுனிக்கு அருகே ஒரு அழுத்த சென்சார் இருக்கும். கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, ரத்த ஓட்டத்தை மருந்தால் உச்சத்துக்குக் கொண்டுபோய், அங்குள்ள சராசரி அழுத்தத்தைப் பெருந்தமனியின் அழுத்தத்தால் வகுப்பார்கள். விடை 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஸ்டென்ட் வைப்பதைப் பற்றி யோசிப்பார்கள். மேலே இருந்தால் பெரும்பாலும் மருந்தோடு விட்டுவிடுவார்கள்.

பெருந்தமனியில் 90 மில்லிமீட்டர் பாதரசம், அடைப்புக்கு அப்பால் 72 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் சரியாக 0.80. சென்சாரின் அளவு 3 மில்லிமீட்டர் பாதரசம் மட்டும் விலகி 75 என்று காட்டினால் விகிதம் 0.83. அந்தப் பக்கம் விலகி 69 என்று காட்டினால் 0.77. மூன்றே மில்லிமீட்டரில் ஒருவருக்கு ஸ்டென்ட் உண்டா இல்லையா என்பதே மாறிவிடுகிறது. அதனால்தான் அளந்து முடித்ததும் கம்பியைப் பின்னால் இழுத்து, இரண்டு அழுத்தங்களும் மறுபடி ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் பழக்கம் இருக்கிறது. அதே 3 மில்லிமீட்டர் பிழை, தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கட்டுத் தமனியில் ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும்போது பெரிதாக எதையும் மாற்றாது. ஆக, எவ்வளவு துல்லியம் தேவை என்பதைச் சிப்பின் விவரத்தாளில் தேடாதீர்கள். முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

மண்டைக்குள் உள்ள அழுத்தமும் இப்படித்தான். பெரியவர்களுக்கு 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பு. தலையில் பலத்த அடிபட்டவர்களுக்கு 22-ஐத் தாண்டினால் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. இடைவெளி எவ்வளவு குறுகலானது என்று பாருங்கள்.

இன்னொரு கேள்வியையும் இதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்: உடலுக்குள் போகத்தான் வேண்டுமா? 1974-இல் ஜப்பானின் நிஹோன் கோடென் நிறுவனத்தில் தக்குவோ அவோயாகி கண்டுபிடித்த முறையிலிருந்துதான் இன்று விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வந்தது. தமனியில் திரும்பத் திரும்ப ஊசி குத்துவதை எத்தனையோ பேருக்கு அது தவிர்த்திருக்கிறது. தோலுக்கு வெளியிலிருந்தே போதுமான பதில் கிடைக்குமென்றால் உள்ளே போக நமக்கு உரிமையில்லை என்பது என் உறுதியான கருத்து. வெளியிலிருந்து கிடைக்காத, சிகிச்சையை மாற்றக்கூடிய ஒரு அளவு உள்ளே இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

வார்டில் நின்று பாருங்கள்

வடிவமைப்பு மென்பொருளைத் திறக்கும் முன் மருத்துவமனைக்குப் போங்கள். நீங்களாக நேரே நுழைய முடியாது. உங்கள் பல்கலைக்கழக விரிவுரையாளர் அல்லது உடன் வேலை செய்ய ஒப்புக்கொண்ட மருத்துவர் வழியாக முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். பினாங்குப் பொது மருத்துவமனை தீவில் இருக்கிறது. யுஎஸ்எம்மின் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகம் நிபோங் திபாலில், மருத்துவ வளாகம் கிளந்தானின் குபாங் கெரியானில். பொறியியலும் மருத்துவமும் இப்படித் தள்ளித் தள்ளி இருப்பதால், இந்த ஏற்பாட்டுக்கு நாள் பிடிக்கும். முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

உள்ளே போனதும் கருவியைப் பார்ப்பதைவிடத் தாதியரின் கைகளைப் பாருங்கள். அனுபவமுள்ள ஒரு தாதியிடம் மரியாதையாகக் கேட்டால் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாததைச் சொல்வார்.

"அக்கா, இந்த நம்பர் திடீர்னு ஏறுனா முதல்ல என்ன பார்ப்பீங்க?"

"கட்டிலத்தான் பார்ப்பேன் தம்பி. யாராச்சும் ஏத்தி இறக்கியிருப்பாங்க. டிரான்ஸ்டியூசர் கம்பத்துல அங்கேயே நிக்கும், நோயாளி மட்டும் மேல போயிருப்பாரு. திரும்ப லெவல் பார்த்து ஜீரோ பண்ணனும்."

இதில் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. டிரான்ஸ்டியூசர் என்பது அழுத்தத்தை மின்குறிப்பாக மாற்றும் கருவி; ஜீரோ பண்ணுவது என்றால் வெளிக்காற்றின் அழுத்தத்தை அதற்குப் பூஜ்ஜியமாகக் காட்டிவிடுவது. திரவம் நிறைந்த குழாய் வழியே அளக்கும்போது டிரான்ஸ்டியூசர் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் மேலோ கீழோ போனால் அளவு ஏறக்குறைய 7.5 மில்லிமீட்டர் பாதரசம் தவறாகும். மேலே சொன்ன எஃப்எஃப்ஆர் கணக்கில் 3 மில்லிமீட்டருக்கே முடிவு மாறியதே! சென்சார் எவ்வளவு உயர்ந்த தரமாக இருந்தாலும், கட்டிலின் கைப்பிடி அதைத் தோற்கடித்துவிடும்.

கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. இரட்டைக் கையுறை போட்ட விரலால் அந்தச் சின்ன இணைப்பியைத் திருக முடிகிறதா? இரவு நேரத்தில் விளக்கைக் குறைத்தபின் குறியீடு தெரிகிறதா? நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது எந்த வயரை முதலில் கழற்றுகிறார்கள்? எந்த அலாரத்தைக் கேட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை? எழுதிக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயரையோ படுக்கை எண்ணையோ எழுத வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம்.

எந்த வழியில் அளப்பது

கதீட்டரின் தடிமனை ஃபிரெஞ்சு அளவில் சொல்வார்கள். 3 ஃபிரெஞ்சு என்றால் 1 மில்லிமீட்டர் வெளிவிட்டம். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் மற்றதைக் கணக்கிடலாம்.

அழுத்தத்தை அளக்கப் பொதுவாக மூன்று வழிகள். முதலாவது, உடலுக்குள் வெறும் குழாய், வெளியே டிரான்ஸ்டியூசர், நடுவே சலைன் திரவம். மலிவானது, எல்லா மருத்துவமனையிலும் இருப்பது. இரண்டாவது, குழாயின் நுனியிலேயே சிலிக்கான் சிப். அதில் ஒரு மெல்லிய படலமும், அழுத்தத்துக்கேற்ப மின்தடை மாறும் நான்கு தடைகளைக் கொண்ட பாலச் சுற்றும் இருக்கும். அலைவடிவம் அழகாகக் கிடைக்கும். ஆனால் ஈரமும் வெப்பமும் அது காட்டும் அளவை மெல்ல மெல்ல விலகச் செய்யும். மூன்றாவது ஒளியிழை. நுனியில் இரண்டு கண்ணாடிப் பரப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அழுத்தத்தால் மாறுவதை ஒளியால் படிப்பது. மின்சாரம் உள்ளே போவதே இல்லை என்பது பெரிய வசதி. இணைப்பியில் ஒரு தூசி விழுந்தால் தொந்தரவு.

நுனியில் சிப் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதலில் திரவக் குழாய் முறையை மேசையில் கட்டி, அது எப்படியெல்லாம் பொய் சொல்கிறது என்று பார்த்துவிட்டு அதற்குப் போங்கள். எதைச் சரிசெய்யத்தான் நுனிக்குப் போகிறோம் என்பது அப்போதுதான் கைக்குத் தெரியும்.

மேசைமேல் ஒரு உடல்

விலையுயர்ந்த அழுத்த அளவீட்டுக் கருவி இல்லையே என்று யாரும் நின்றுவிட வேண்டாம். 1 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 13.6 மில்லிமீட்டர் நீர். அதாவது 136 சென்டிமீட்டர் உயர நீர்த்தூண் சரியாக 100 மில்லிமீட்டர் பாதரசம். ஒரு ஒளிபுகும் குழாயைச் சுவரில் செங்குத்தாகக் கட்டி, பக்கத்தில் அளவுநாடா ஒட்டினால் உங்கள் ஒப்பீட்டுக் கருவி தயார். ஹார்ட்வேர் கடையில் சில ரிங்கிட்டுக்கு எல்லாம் கிடைக்கும். புவியீர்ப்பு விசைக்குத் தரச்சான்று காலாவதியாவதில்லை. ஆனாலும் பின்னாளில் அதிகாரபூர்வச் சோதனைக்கு, முறையாகத் தரம் பார்க்கப்பட்ட கருவி கட்டாயம் வேண்டும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் டிரான்ஸ்டியூசர்களின் உணர்திறன் ஒரு பொது அளவில் வரும்: ஒரு வோல்ட்டுக்கு, ஒரு மில்லிமீட்டர் பாதரசத்துக்கு 5 மைக்ரோவோல்ட். 5 வோல்ட் கொடுத்து 100 மில்லிமீட்டர் அழுத்தம் வைத்தால் 2.5 மில்லிவோல்ட் வெளிவரும். உங்கள் பெருக்கிச் சுற்றை இந்த எண்ணை மனதில் வைத்து வடிவமையுங்கள். நீர்த்தூணை ஏற்றிக்கொண்டே போய் ஒருமுறை, இறக்கிக்கொண்டே வந்து ஒருமுறை அளவுகளைக் குறித்து, இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்று பாருங்கள்.

நிலையான அழுத்தம் சரியாக வந்ததும் பலர் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இதயம் துடிக்கிறது, அழுத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்குகிறது. நிமிடத்துக்கு 120 துடிப்பு என்றால் விநாடிக்கு 2. அந்த அலைவடிவத்தின் கூர்மையான விளிம்புகளைச் சரியாகக் காட்ட அதன் பத்து மடங்கு அதிர்வெண் வரை, அதாவது 20 ஹெர்ட்ஸ் வரை, உங்கள் அமைப்பு தடுமாறாமல் இருக்க வேண்டும். நீளமான மெத்தென்ற குழாயும் சின்னச் சின்னக் காற்றுக்குமிழிகளும் அமைப்பின் இயல்பு அதிர்வெண்ணை, அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகத்தை, கீழே இழுத்துவிடும். குமிழி ஒரு ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரிந்துகொண்டே இருக்கும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு சின்ன ஜாடியில் நீர் நிரப்பி, வாயில் ரப்பர் கையுறையை இழுத்துக் கட்டுங்கள் (கையுறைக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை). கதீட்டர் நுனியை ஒரு பக்கவாட்டுத் துளை வழியே உள்ளே விட்டு, ஜாடிக்குள் கொஞ்சம் அழுத்தம் ஏற்றுங்கள். கையுறையை ஊசியால் குத்தினால் அழுத்தம் சட்டென்று பூஜ்ஜியத்துக்கு விழும். பதிவில் அது நேராக விழாமல் சில முறை ஆடி அடங்கும். இரண்டு ஆட்ட முகடுகளுக்கு இடையே 40 மில்லிவிநாடி என்றால் அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ். பதிவின் வேகம் விநாடிக்கு ஆயிரம் புள்ளிகளாவது இருக்கட்டும், இல்லையென்றால் முகடே தெரியாது.

அப்புறம் வேண்டுமென்றே குழாய்க்குள் ஒரு குமிழி விட்டு மறுபடி குத்துங்கள். ஆட்டம் மெதுவாவது தெரியும். பெரிய குமிழி விட்டால் ஆட்டமே இல்லாமல் சோம்பலாகச் சரியும். ஆட்டம் அதிகமான அமைப்பு சிஸ்டாலிக் (துடிப்பின் உச்ச) அழுத்தத்தை உண்மையைவிட உயர்த்திக் காட்டும். சோம்பலான அமைப்பு சிஸ்டாலிக்கைக் குறைத்து, டயஸ்டாலிக்கை (துடிப்புகளுக்கு நடுவே உள்ள அடிமட்ட அழுத்தம்) கூட்டிக் காட்டும். சராசரி மட்டும் பெரிதாகக் கெடாது. திரையில் வரும் எண் மட்டும் எப்போதும்போல நம்பிக்கையாகவே நிற்கும், அதுதான் ஆபத்து. இந்தச் சோதனையை ஒவ்வொருவரும் தம் கையால் செய்து பார்க்க வேண்டும்.

நுனி சென்சாருக்கு வந்தால் சோதனை வேறு. குளிரூட்டிய ஆய்வகம் 22 டிகிரி, உடல் 37 டிகிரி. அந்த 15 டிகிரி வித்தியாசத்தில் பூஜ்ஜியம் எவ்வளவு நகர்கிறது? 37 டிகிரி சலைனில் ஊறப்போட்டு, நோயாளியின் உடலில் எத்தனை நாள் இருக்க வேண்டுமோ அதைவிடக் கூடுதலான நாள்கள் விட்டுப் பதிவு செய்யுங்கள். ஒன்றை மட்டும் ஊறப்போட்டு முடிவு சொல்லக் கூடாது.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். படலத்துக்குப் பின்னால் வெற்றிடத்தை மூடி வைத்த சிப், வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகே காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. முற்பகலில் உச்சம், பிற்பகல் கடைசியில் இறக்கம். வித்தியாசம் சுமார் 2 மில்லிமீட்டர் பாதரசம். வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தனியே அளந்து கழிக்காவிட்டால், சாயங்காலம் சென்சார் விலகுகிறது என்று நினைத்துக் கொண்டு இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒட்டுவதும் கிருமி நீக்குவதும்

மூலப்பொருளைத் தேர்வு செய்யும் அதே வாரத்தில் கிருமி நீக்கும் முறையையும் தேர்வு செய்யுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் பின்னால் எல்லாவற்றையும் பிரித்துப்போட வேண்டி வரும். காமா கதிர் வேகமானது, ஆனால் மின்னணுச் சிப்பைக் கெடுக்கலாம், டெஃப்லான் போன்ற பொருளை நொறுங்கவைக்கலாம். எத்திலீன் ஆக்சைடு வாயு மென்மையானது, ஆனால் நீண்ட, முனை மூடிய குழாய்க்குள் நுழையச் சிரமப்படும். வேலை முடிந்தபின் எஞ்சிய வாயு வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். அந்த இயந்திரம் முதலில் காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பசைக்குள் சிக்கிய ஒரு காற்றுத் துளி அப்போது விரிந்து ஒட்டைப் பிரித்துவிடும். அழுத்த சென்சாருக்கோ அது வாழ்நாளிலேயே பெரிய அழுத்த மாற்றமாக இருக்கும். ஆகவே கிருமி நீக்கத்துக்கு முன்னும் பின்னும் நீர்த்தூணில் அளந்து ஒப்பிடுங்கள்.

உடலைத் தொடும் ஒவ்வொரு பொருளுக்கும், பசைக்கும் மைக்கும்கூட, ஐஎஸ்ஓ 10993 என்ற சர்வதேசத் தரநிலை வரிசைப்படி உடலோடு ஒத்துப்போகும் தன்மையைக் காட்ட வேண்டும். ஏற்கெனவே மருத்துவப் பயன்பாட்டில் உள்ள பாலியூரித்தேன், பாலிஇமைடு போன்றவற்றோடு தொடங்குவது நல்லது.

பெரும்பாலான பழுதுகள் ஒட்டும் இடத்தில்தான். வயரை ஒட்டியே சலைன் மெல்ல ஊர்ந்து உள்ளே போய்விடும். நம் ஊர்க் காற்றின் ஈரம் பசை காயும்போதே வேலையைக் காட்டும். இதற்கு நான் சொல்லும் வழி, ஆண்டுக்கணக்காக மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்து முடியைவிட மெல்லிய கம்பியை இணைத்துவந்த அக்காமாரிடம் போய்க் கேளுங்கள். பாயான் லெப்பாஸில் நம் பெண்கள் எத்தனையோ பேருக்கு அந்தக் கை இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து பசை விட்டால் குமிழி வராது என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் குழுவில் அப்படி ஒருவரை ஆலோசகராகச் சேர்த்து, உரிய சம்பளமும் கொடுங்கள்.

கசியும் மின்சாரம்

இதயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள கருவிகளை ஐஈசி 60601-1 தரநிலை சிஎஃப் வகை என்று பிரிக்கிறது. இயல்பு நிலையில் நோயாளி வழியே கசியும் மின்சாரம் 10 மைக்ரோஆம்பியருக்குள், ஒரு பழுது ஏற்பட்ட நிலையிலும் 50-க்குள் இருக்க வேண்டும். தோல் கொடுக்கும் பாதுகாப்பைக் கதீட்டர் தாண்டிப் போய்விடுவதால்தான் இவ்வளவு கண்டிப்பு. பேட்டரியில் ஓடுகிறது, பயமில்லை என்று சொல்லிவிட்டு அதை மின்னேற்றத்தில் உள்ள மடிக்கணினியோடு யுஎஸ்பி வயரில் இணைப்பதைப் பார்த்திருக்கிறேன். பேட்டரி கொடுத்த பாதுகாப்பு அந்த ஒரு வயரில் போய்விடுகிறது. மின்தனிமைப்படுத்தலை, அதாவது நோயாளியைத் தொடும் பகுதியை மற்ற மின்சுற்றிலிருந்து பிரித்து வைப்பதை, முதல் சுற்றிலேயே வடிவமையுங்கள்.

தாள் வேலையை முதல் நாளிலிருந்து

மலேசியாவில் 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் சட்டம், அதாவது சட்டம் 737, இதற்கெல்லாம் அடிப்படை. மருத்துவக் கருவிகள் ஆணையம் அதை நடைமுறைப்படுத்துகிறது. ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகள். இதயத்தையோ மையநரம்பு மண்டலத்தையோ நேரே தொட்டு அளக்கும் கருவி என்றால் உயர்ந்த ஆபத்துள்ள டி வகுப்பை எதிர்பார்த்துத் திட்டமிடுங்கள். விற்பனைக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு அமைப்பு ஒன்று உங்கள் ஆவணங்களைப் பார்க்கும். ஆபத்து மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 14971, தர நிர்வாகத்துக்கு ஐஎஸ்ஓ 13485. தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இரண்டாவது ஏற்கெனவே பழக்கமாக இருக்கும், அது பெரிய பலம்.

சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் ஆய்வு செய்ய வேண்டுமானால் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். யுஎஸ்எம்முக்கு என்று தனி நெறிமுறைக் குழு உண்டு. நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சியைக் குழுவினர் முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது. சந்தைக்கு வராத கருவியை மனிதரில் சோதிக்க ஆணையத்தின் நடைமுறையும் தனியே உண்டு, அவர்களிடமே நேரில் கேளுங்கள்.

1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கையிலுள்ள சிரை (ரத்தக் குழாய்) வழியே தானே ஒரு குழாயைச் செலுத்தி, அது இதயத்தை எட்டியதை எக்ஸ்ரேயில் காட்டினார். 1956-இல் நோபல் பரிசும் பெற்றார். அவருடைய துணிவை மதிக்கிறேன். ஆனால் இன்று உங்கள் மீதோ நண்பர் மீதோ அப்படிச் செய்து பார்ப்பதற்கு இடமே இல்லை.

முதல் நோயாளிகள்

ஒப்புதல் படிவத்தை மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் எல்லாவற்றிலும் தயாரியுங்கள். தமிழ்ப் படிவத்தை ஆங்கிலத்திலிருந்து அப்படியே மாற்றி ஒப்பேற்ற வேண்டாம். எழுதி முடித்ததும் எழுபது வயதுப் பாட்டி ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். என்ன குழாய், எங்கே போகும், எவ்வளவு நேரம் இருக்கும், என்ன ஆபத்து, வேண்டாம் என்று சொன்னாலும் சிகிச்சை குறையாது என்ற ஐந்தையும் அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் படிவம் இன்னும் தயாராகவில்லை. "டாக்டர் சொன்னா சரிதான்யா" என்று அவர் கையெழுத்துப் போட வந்தாலும் அவசரப்படாமல் மறுபடி விளக்குங்கள்.

ஏற்கெனவே மருத்துவமனையில் பயன்படும் முறையோடு உங்கள் கருவியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கும்போது, இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை மட்டும் வைத்து மகிழ வேண்டாம். எப்போதும் 10 கூட்டிக் காட்டும் கருவிக்கும் அந்தப் பொருத்தம் பிரமாதமாகவே வரும். 1986-இல் புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் விளக்கிய முறைப்படி, ஒவ்வொரு ஜோடி அளவின் வித்தியாசத்தையும் அவற்றின் சராசரிக்கு எதிரே வரைந்து, வித்தியாசங்கள் எந்த வரம்புக்குள் அடங்குகின்றன என்று பாருங்கள். அந்த வரம்பை, முதல் பக்கத்தில் மருத்துவரின் முடிவிலிருந்து கணக்கிட்ட பிழையோடு வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே அடங்காவிட்டால் கருவி இன்னும் ஆகவில்லை.

ஒத்துப்போகாத அளவுகளை நீக்கிவிடாதீர்கள். நேரம், நோயாளி படுத்திருந்த நிலை, கட்டிலின் உயரம், யார் ஜீரோ செய்தார், கருவியின் வரிசை எண் ஆகியவற்றை ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதிவையுங்கள். திரையில் வந்த எண்ணோடு நிறுத்தாமல் மூல அலைவடிவத்தையும் சேமியுங்கள். உடலிலிருந்து எடுத்த கருவியைத் தொற்றுக் கட்டுப்பாட்டு விதிப்படி சுத்தம் செய்தபின் மறுபடி அளந்து, போகும் முன் இருந்த பூஜ்ஜியத்துக்கும் வந்தபின் உள்ள பூஜ்ஜியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அதே தாளில் குறித்துக் கையெழுத்திடுங்கள்.